அக்கா 'ங்க' போட்டால்

எங்கள் பக்கத்தில் மரியாதை என்பது ரெண்டெழுத்துச் சமாச்சாரம். 'வா' என்பதோடு 'ங்க' ஒட்டினால் மரியாதை. ஒட்டாவிட்டால் உரிமை, இல்லையென்றால் சண்டை. அக்காவிடம் மட்டும் இது தலைகீழாக இருந்தது. 'வாடா', 'போய்யா', 'கிறுக்குப் பயலே' என்று அவர் பேசிக்கொண்டிருக்கிறவரை எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று அர்த்தம். 'சொல்லுங்க தம்பி' என்று வந்துவிட்டால் செருப்பைத் தேட வேண்டும். அவர் செருப்பையல்ல, நம் செருப்பை. ஓடுவதற்கு.

எனக்கு முதல் 'ங்க' விழுந்தபோது அதை மரியாதை என்று நம்பி நன்றி வேறு சொன்னேன்.

நான் அப்போது பழைய டிராக்டர்களை வீடியோ எடுத்து விற்றுக்கொடுக்கும் தொழிலில் இருந்தேன். மன்னார்குடி, ஒரத்தநாடு, திருவையாறு என்று எந்த வரப்போரம் ஒரு டிராக்டர் ஓய்ந்து நின்றாலும் கறுப்புக் கண்ணாடியோடு போய் இறங்கி, 'வணக்கம் உழவர் சொந்தங்களே' என்று ஆரம்பித்துவிடுவேன். ஒரே கை வண்டி, ஷோரூம் கண்டிஷன், எடுத்தவுடனே வயலில் இறக்கலாம். அந்த ஒரே கை மொத்தம் எத்தனை கை என்பது எனக்கும் அந்த டிராக்டருக்கும் மட்டும் தெரியும். திருவாரூர் மாவட்டத்தில் பாதிப் பேர் என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பார்கள். மீதிப் பாதி என் பேச்சைக் கேட்டு வண்டி வாங்கியவர்கள்.

இந்தப் புகழ் கடல்வரைக்கும் போய்விட்டது. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு துறைமுகத்தில் விசைப்படகு ஒன்று விற்பனைக்கு இருக்கிறது, வந்து எடுத்துக் கொடுங்கள் என்று கூப்பிட்டார்கள். விசைப்படகு என்பது சக்கரம் இல்லாத டிராக்டர், அவ்வளவுதானே என்று போனேன். அங்கே அதைப் 'போட்டு' என்கிறார்கள். மேல்தட்டில் நின்றுகொண்டு, கேமராவைப் பார்த்து, "எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு?" என்று கேட்டேன். டிராக்டருக்கு முதல் கேள்வி அதுதான். உழவுக்கு ஓடினதா டிப்பர் இழுத்ததா என்று கேட்காமல் விட்டது என் பெற்றோர் செய்த புண்ணியம்.

கீழே, கரைத் திண்டில், மீன் கூடைகளுக்கு நடுவே நின்றிருந்த ஒரு பெண்மணி குரல் கொடுத்தார். "யோவ் கண்ணாடி, ஏரா பாத்தியா?"

"ஏரா? எங்க வீட்டுல ஏர் ஓட்டி இருபது வருசமாச்சுக்கா. இப்ப டிராக்டர்தான்" என்றேன், பல்லெல்லாம் தெரிய.

துறைமுகமே சிரித்தது. ஏரா என்பது போட்டின் அடியில் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை ஓடும் முதுகெலும்புக் கட்டை. அது சரியில்லாத போட்டில் வேறு எது சரியாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. இது எனக்கு அப்புறம் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், அவர் மட்டும் சிரிக்கவில்லை என்பதுதான்.

"சரிங்க. நல்லா எடுங்க" என்றார். நான் கை கூப்பினேன்.

அக்காவின் பேரைச் சொல்லப் போவதில்லை. துறைமுகத்தில் எல்லாருக்கும் அவர் அக்காதான், அவரைவிட மூத்தவர்களுக்கும். போட்டு கரைக்கு வந்ததும் மீனை ஏலத்தில் எடுத்து, ஐஸ் போட்டு, தஞ்சாவூர் மார்க்கெட்டுக்கு வேனில் ஏற்றிவிடுவது அவர் தொழில். ஐஸ் கட்டியை உடைக்கிற குத்துக்கம்பி எப்போதும் கையில் இருக்கும். பேசும்போது அதைத்தான் ஆட்டுவார். எதிரில் நிற்கிறவர் பேச்சைச் சுருக்கமாக முடித்துக்கொள்வார்.

கோபப்படுவதற்கு அவருக்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். ஐஸ் வண்டிக்காரர் 'ஃபுல்லாதான் இருக்கு' என்றால் கோபம் வரும். வானிலை அறிவிப்பில் 'லேசானது முதல் மிதமானது வரை' என்றால், "லேசா, மிதமா, ஒன்னச் சொல்லு" என்று போனைத் திட்டுவார். நன்றாகப் பழகியபின் ஒருமுறை என் தங்கை வளைகாப்புக்கு எங்கள் ஊருக்கு வந்தார். கார் கட்டி மீன் வேறு கொண்டுவந்தார். சாப்பிட்டுவிட்டு வாய்க்கால் மதகில் நின்று சுற்றிலும் பார்த்தார். வாய்க்கால் நிறையத் தண்ணீர், வயல் நிறையத் தண்ணீர், குளம் நிறையத் தண்ணீர். இங்கே எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும் என்று கேட்டார். என் சித்தப்பாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒருத்தனுக்கும் நீச்சல் தெரியாது. அப்புறம் எதுக்குய்யா தண்ணி வேணும் தண்ணி வேணும்னு வருசா வருசம் ரோட்டுல உக்கார்றீங்க?"

அந்த 'ங்க' பன்மைக்கு வந்தது, கோபத்துக்கு வந்ததில்லை என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அந்தக் கரையில் பெண்கள் போட்டில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் தொழில் படுத்துவிடும் என்பது ஊர்க்கட்டு. வலை பிரிக்கலாம், மீன் சுமக்கலாம், இருபது நாளைக்கு அரிசி பருப்புக் கட்டிக் கொடுத்து அனுப்பலாம், போட்டு திரும்பி வராவிட்டால் கரையில் உட்கார்ந்து அழலாம். ஏறத்தான் கூடாது. அதனால் அக்கா எல்லாப் போட்டையும் கரையில் நின்றே படித்துவைத்திருந்தார். இன்ஜின் சத்தத்தை வைத்து யார் போட்டு என்று சொல்வார். போட்டின் அடியில் ஊறுகிற தண்ணீரைப் பம்பு வெளியே தள்ளும் அல்லவா, அது எத்தனை நேரத்துக்கு ஒருதரம் ஓடுகிறது, என்ன நிறத்தில் கொட்டுகிறது என்று பார்த்தே, எந்தப் பலகை போயிருக்கிறது என்பார். உள்ளே இறங்கிப் பார்த்தவர்கள் அவர் சொன்ன பலகையைத்தான் மாற்றுவார்கள். மாற்றிவிட்டு, தாங்களே கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். அதற்கும் அக்காவுக்குக் கோபம் வரும். நியாயமான கோபம்.

அவர் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். போட்டு ஓட்டுகிற டிரைவர். கரைக்கு வராமல் நாள்கணக்கில் கடலிலேயே கிடந்து மீன் பிடிக்கிற தங்குகடல் தொழிலில் இருபது வருஷம் பழுத்தவர். அக்கா கத்தினால் சிரிப்பார். என்ன அண்ணே சிரிக்கிறீங்க என்றால் அதற்கும் சிரிப்பார். அவர்தான் ஒருநாள் எனக்கு அதைச் சொன்னார். அக்காவின் அண்ணன் போன போட்டு ஒன்று திரும்பவில்லை. மூன்று நாள் கழித்து ஆறு லைஃப் ஜாக்கெட் கரை ஒதுங்கியது. ஆறும் பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் இருந்தன. பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் காட்டுவதற்காக வாங்கிக் கட்டிவைத்திருந்தவை.

"அதுலேருந்து 'எல்லாம் இருக்கு'ன்னு யாராச்சும் சொன்னா அவளுக்கு ஆவறதில்ல தம்பி" என்றார். அப்போதும் சிரித்தார். ஆனால் கடலைப் பார்த்துக்கொண்டு.

நான் பிழைப்பு நடத்தியதே 'எல்லாம் இருக்கு' என்கிற அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் போட்டு வந்தது. ஒரு முதலாளி மேற்குக் கரையிலிருந்து பழசாக வாங்கி ஓட்டி வந்திருந்தார். நீலமும் வெள்ளையும் பெயின்ட், இடுப்பைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. பார்த்தால் கல்யாண மண்டபம் மிதந்து வருகிற மாதிரி இருக்கும். ஜிபிஎஸ் இருந்தது. மீன் கூட்டத்தைக் காட்டும் பெட்டி, வயர்லெஸ், தானாகவே சுக்கான் பிடிக்கிற கருவி, ஐஸ் அறை, ரெண்டடுக்குக் கட்டில், கேஸ் அடுப்பு, டிவி எல்லாம் இருந்தன. இதற்கெல்லாம் மேலாக ஒரு கக்கூஸ். சிரிக்க வேண்டாம். இருபது வருஷமாகப் போட்டின் பின்பக்கம் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அலையோடு மல்லுக்கட்டிய மனிதர் அண்ணன். அந்தக் கதவைத் திறந்து திறந்து மூடினார். தாழ்ப்பாள் இருக்கு தம்பி என்று என்னிடம் ரெண்டு தடவை சொன்னார்.

முதலாளியின் திட்டம் எளிது. அண்ணனை டிரைவராகப் போட்டு, ஏழு பேரோடு இருபத்தைந்து நாள் ஒரு தங்கல் அனுப்புவது. நல்லபடியாக மீனோடு வந்தால் அந்தப் பெருமையில் நல்ல விலைக்குத் தள்ளிவிடுவது. அதற்கு முன்னாலேயே வீடியோ வெளியில் போய்விட வேண்டும். கூப்பிடு அந்தக் கண்ணாடியை.

நான் என் வாழ்நாளின் சிறந்த படைப்பை எடுத்தேன். 'வணக்கம் கடல் சொந்தங்களே' என்று ஆரம்பித்து, ஒவ்வொரு சாமானாகக் காட்டி, 'சகல வசதிகளுடன் கூடிய' என்று பதினோரு தடவை சொன்னேன். இன்ஜின் அறைக்குக் கீழே இறங்கியபோது அடித்தளத்தில் புத்தம் புதிய ஃபைபர் பூச்சு பளபளத்தது. அதையும் தட்டிக் காட்டினேன். ஒரே ஒரு இடைஞ்சல். நான் வசனம் பேசும்போதெல்லாம் பம்பு ஓடித் தண்ணீர் கொட்டி என் கணீர்க் குரலைக் கெடுத்தது. வீட்டுக்கு வந்து அதன்மேல் ஒரு மேளதாளப் பாட்டைப் போட்டு மூடினேன்.

வீடியோ பிய்த்துக்கொண்டு போனது. அக்கா அதைத் துறைமுகத்தில் அண்ணனின் போனில் பார்த்தார். பாதியில் என்னைக் கூப்பிட்டார்.

"பாட்டு எதுக்குடா?"

"கெத்தா இருக்கும்க்கா."

"அதுக்குக் கீழ என்னமோ ஓடுதே?"

பம்புதான் என்றேன். நான் எடுத்தது எவ்வளவு நேரம், அதற்குள் பம்பு எத்தனை தடவை ஓடியது என்று கேட்டார். ஒரு மணி நேரம் எடுத்தேன், ஐந்து தடவை என் வசனம் கெட்டது என்று பெருமையாகக் குறைபட்டுக்கொண்டேன். கீழே ஃபைபர் எதற்குப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டார். அழகுக்கு என்றேன்.

அக்கா போனை அணைத்தார். குத்துக்கம்பி ஆடவில்லை.

"கட்டிப் போட்டிருக்கிற போட்டுக்கு மணிக்கு அஞ்சு தடவ எதுக்குங்க தம்பி பம்பு? அந்தப் பாட்ட எடுத்துட்டுப் போடுங்க. ஊரு கேக்கட்டும்."

சரிக்கா என்றேன். எடுக்கவில்லை. முதலாளி இனிமேல் அவருடைய எல்லாப் போட்டையும் எனக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். தவிரவும், அந்தப் பாட்டுக்காகவே நானூறு பேர் பாராட்டியிருந்தார்கள். மனிதன் ஊழல் செய்ய லட்சங்கள் வேண்டும் என்று நினைக்கிறோம். எனக்குக் கைதட்டுகிற பொம்மை நானூறு போதுமாக இருந்தது. இதை எழுதும்போது என்னையே நாலு அறை விட வேண்டும் போலிருக்கிறது. டைப் அடிக்கிற கை ஓயட்டும், விடுகிறேன்.

அக்கா அண்ணனிடம் சொன்னார். பலகை மரத்தில் ஊறல் இருக்கத்தான் செய்யும், முதலாளிக்கு வாக்குக் கொடுத்தாச்சு, ஒரு தங்கல்தானே என்று அவர் சிரித்தார்.

புறப்படுகிற அன்று காலையில் பூஜை. வாழைமரம், எலுமிச்சை, சூடம், மேளம். நான் நேரலையாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா கரையில் நின்று முதலாளியிடம் ஏராவைத் திறந்து காட்டச் சொன்னார். முதலாளி ஊருக்கே கேட்கிற மாதிரி சிரித்தார். "போட்டுல கால் வச்சுப் பாத்திருக்கியா நீ? பொம்பளைக்கு ஏரா பத்தி என்ன தெரியும்?"

அக்கா செருப்பைக் கழற்றினார். திண்டிலிருந்து ஒரு கால், போட்டின் பக்கவாட்டில் தொங்கும் டயர்மேல் ஒரு கால், அடுத்தது மேல்தட்டு. மேளம் அப்படியே நின்றது. யாரையும் பார்க்காமல் இன்ஜின் அறைக்குள் இறங்கினார். வாழ்நாளில் ஒருமுறைகூட ஏறாதவர், தன் வீட்டு அடுப்படிக்குப் போகிற மாதிரிப் போனார். கீழே 'டொக் டொக்' என்று குத்துக்கம்பிச் சத்தம். மேலே வரும்போது புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. கையில் ஒரு மரத்துண்டு. முதலாளி முன்னால் வைத்துப் பிழிந்தார். கட்டை, சாமி, தேக்கோ வேம்போ, ஏதோ ஒரு கட்டை. ஊறவைத்த அவல் மாதிரித் தண்ணீர் விட்டது.

மரத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை. எல்லாரும் அவர் காலைத்தான் பார்த்தார்கள்.

போட்டு அன்று போகவில்லை. ஏரா உளுத்திருக்கிறது என்பதற்காக அல்ல, தீட்டாகிவிட்டது என்பதற்காக. இந்த நியாயத்தை இன்று நினைத்தாலும் எனக்குக் காதெல்லாம் சூடாகிறது.

மறுநாள் ஊர்க்கூட்டம். ஊர்த்தலைவர் என்னை முன்னால் வரச் சொல்லி, எடுத்ததைப் போட்டுக் காட்டச் சொன்னார். போட்டேன். அக்கா மேல்தட்டில் கால் வைத்த இடம் வந்ததும், போதும் நிறுத்து என்றார். நிறுத்தினேன்.

"இன்னும் இருக்குங்க. ஓட விடச் சொல்லுங்க" என்றார் அக்கா, கூட்டத்துக்கு வெளியே நின்றபடி.

ஓட விட்டால் மரம் வந்திருக்கும். ஊரே பார்த்திருக்கும். என் கட்டைவிரல் போன் கண்ணாடிக்கு மேல் ஒரு அரை அங்குலத்தில் இருந்தது. தலைவர் சொல்லவில்லையே என்று அந்த விரல் காத்துக்கொண்டிருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஆள் என்று என்னைச் சொல்வார்களே, அன்றைக்கு அது ரொம்பப் பொருத்தம்.

தீர்ப்பு: போட்டுக்கு முன்னால் நின்று, கடலம்மாவிடமும் ஊரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். அது முடிந்ததும் தீட்டுக் கழித்து, அதே நாளில் போட்டு புறப்படும். கேட்காவிட்டால் துறைமுகத்தில் அவர் யாரிடமும் மீன் எடுக்க முடியாது. முதலாளி அதற்குள் அக்கா குத்திய ஓட்டையில் மறுபடி ஃபைபரைப் பூசி முடித்திருந்தார். அன்று சாயங்காலம் அண்ணனைப் பார்த்தேன். போகாதீர்கள் என்று சொல்லத்தான் போனேன். அவரே சொன்னார், இப்போது இறங்கினால் பொண்டாட்டி பேச்சைக் கேட்டு இறங்கினான் என்பார்கள் என்று. சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. ஊர் முழுக்கக் கரையில். போட்டில் இருபத்தைந்து நாள் சாமானும் ஐஸும் ஏற்றியாகிவிட்டது. அண்ணன் மேல்தட்டில் சூடத்தட்டோடு நிற்கிறார். அக்கா தலைக்குக் குளித்து, பட்டுப்புடவை கட்டி, வெறுங்கையோடு வந்தார். தலைவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அய்யா, அந்தப் பம்ப நிறுத்தச் சொல்லுங்க. நான் கேக்குற மன்னிப்பு சாமி காதுல விழணும்."

நியாயமாகத்தான் பட்டது. முதலாளி மட்டும் அது பாட்டுக்கு ஓடட்டுமே என்று இழுத்தார். சாமி காரியத்தில் என்னப்பா என்று தலைவர் அதட்டினார். பம்பு நின்றது. பழகிய சத்தம் நின்றதும், அதுவரை அது நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

அக்கா கடலம்மாவிடம் ஆரம்பித்தார். மாரியம்மனுக்கு வந்தார். அய்யனாருக்கு, கரையில் உள்ள மற்ற சாமிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் நின்று, குனிந்து, தரையைத் தொட்டு. அப்புறம் ஊர்ப் பெரியவர்கள், செத்தவர்கள் உள்பட, வீட்டு வரிசையில். கடலிலிருந்து திரும்பாத தன் அண்ணனிடமும் கேட்டார். அப்புறம் போட்டிடம் வந்தார். "ஜிபிஎஸ்ஸே, உங்கள மதிக்காம ஏறிட்டேங்க, மன்னிச்சிக்கங்க. மீன் காட்டுற பெட்டியே, மன்னிச்சிக்கங்க. வயர்லெஸ்ஸே, டிவியே, தாழ்ப்பாள் போட்ட கக்கூஸே." ஒரு சாமானும் விடாமல், அப்படியே என் வீடியோ வரிசையில். ஜனங்களில் யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்தினார்கள்.

அந்தச் சிவப்புக் கோடு தண்ணீருக்குள் போய்விட்டிருந்தது.

போட்டு, மேற்கொண்டு ஆள் ஏறாமலே, அலை இல்லாமலே, கண்ணெதிரே ஒரு சாண் தாழ்ந்திருந்தது. கட்டியிருந்த கயிறு விறைத்து முனகியது. முதலாளி பம்பைப் போடு என்று கத்தினார். தலைவர் கோட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி கோடு இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தினார்.

"அது முடிக்கட்டும்" என்றார்.

அண்ணன் இன்ஜின் அறைக்குள் இறங்கினார். வெளியே வந்தபோது வேட்டி தொடைவரை நனைந்திருந்தது. சூடத்தட்டை மேல்தட்டில் வைத்துவிட்டு, டயரில் கால் வைத்துக் கரைக்கு ஏறினார். எங்கடா போற என்று முதலாளி கேட்டார்.

"நானும் கேக்கணும் முதலாளி. அவ செஞ்ச தப்புல எனக்கும் பங்கு உண்டுல்ல" என்றார் அண்ணன்.

அக்கா பக்கத்தில் போய் நின்று, நனைந்த வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, கை கூப்பி, கடலம்மாவிலிருந்து ஆரம்பித்தார்.